யாரும் போகாத லொகேஷனுக்கு ஒரு சவாரி

டிரைவர் தொழிலில் ரோட்டைப் பார்த்து ஓட்டுவது கொஞ்சம்தான். போனைப் பார்த்துக்கொண்டு பின்சீட்டில் வருகிறவர்களைச் சமாளிப்பதுதான் மிச்சமெல்லாம்.

நான் தூத்துக்குடியில் வாடகைக் கார் ஓட்டுகிறவன். பெயர் ஜெபராஜ், சொந்த ஊர் நாசரேத். துறைமுகத்துக்கு வரும் கப்பல்காரர்கள், உப்பு வாங்க வரும் வியாபாரிகள், கல்யாணத்துக்கு வரும் சொந்தக்காரர்கள் என்று ஏற்றி இறக்கிக்கொண்டு நிம்மதியாக இருந்தேன். அந்த நிம்மதியை ஒரு ரீல் கெடுத்தது. வண்டி ஓட்டும் சகோதரர்களே, உங்கள் ஊரிலும் இடிந்த பாலத்தையோ பாசி பிடித்த குளத்தையோ எவனாவது படம் பிடித்துப் போட்டிருப்பான், நீங்களும் பட்டிருப்பீர்கள். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

திருச்செந்தூர் தாண்டி உடன்குடிப் பக்கம் திரும்பினால் மண் சிவக்க ஆரம்பிக்கும். கொஞ்சம் உள்ளே போனால் கண்ணுக்கு எட்டிய வரை செம்மணல் மேடுதான். நடுநடுவே பனை, முந்திரி, உடைமரம். நாங்கள் அதைத் தேரி என்போம். பாலைவனம் என்று நான் பிறந்தது முதல் ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. பகலில் அந்த மணல் செருப்பையும் தாண்டிச் சுடும். ஆனி, ஆடியில் மேல்காற்று கிளம்பிவிட்டால் நீங்கள் வைத்த காலடி நீங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் மூடிப்போகும். போதாக்குறைக்கு அந்தக் காற்றில் பனை ஓலைகள் உரசும் சத்தம் அப்படியே கடல் சத்தம் மாதிரி இருக்கும். வெளியூர்க்காரர்கள் கடற்கரை பக்கத்தில்தான் இருக்கிறது என்று நம்பி அந்தச் சத்தத்தைப் பார்த்து நடந்து, இன்னும் உள்ளே போய்விடுவார்கள்.

இந்த இடத்தைத்தான் முத்தையாபுரத்துப் பையன் பிரவின் என்பவன், 'தமிழ்நாட்டுக்குள்ளே ஒரு சகாரா, யாருக்கும் தெரியாத இடம்' என்று ரீல் போட்டான். யாருக்கும் தெரியாத இடம் என்று சொன்ன உடனே எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். ரீலுக்குக் கீழே ஒரு லொகேஷனும் கொடுத்திருந்தான். அது தேரியின் நட்டநடுவில் போய் விழுகிறது. மேப் அதற்கு ஒரு கோடு வேறு போட்டு ரோடு என்கிறது. அது எப்போதோ முந்திரிக்கொட்டை ஏற்ற மாட்டுவண்டி போன தடம். இப்போது தடமும் இல்லை, மாடும் இல்லை. அங்கே ஒருநாள் யாராவது செத்துத்தான் போவார்கள் என்று எனக்குப் பயம் இருந்துகொண்டே இருந்தது.

ஒட்டகம்

ஒரு கல்யாணத்துக்கு வந்த கோயம்புத்தூர்க் குடும்பம். தாலி கட்டி முடித்ததும் சாப்பிடக்கூட நிற்காமல் சகாராவுக்கு விடச் சொன்னார்கள். சின்னப் பையனுக்கு ஆன்லைனில் வாங்கிய அரபு அங்கி போட்டு, தலையில் துண்டும் வளையமும் வைத்திருந்தார்கள். ஆறுமுகநேரி வருவதற்குள் அவனுக்கு வியர்த்துக் கொட்டி, அங்கி உடம்போடு ஒட்டிக்கொண்டது.

தேரியின் ஓரத்தில் நிறுத்தினேன். குடும்பத் தலைவர் இறங்கி நாலு பக்கமும் பார்த்துவிட்டு ஒட்டகம் எங்கே என்றார். இங்கே ஒட்டகம் கிடையாது, ரீலில் வருவது ஏதோ கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றும் ஒட்டகம், வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்று விளக்கினேன். பையன் அழ ஆரம்பித்தான். அந்த அம்மா நான் ஏதோ ஒட்டகத்தை வீட்டில் கட்டிவைத்துவிட்டு வந்தவன் மாதிரி என்னைப் பார்த்தார். திரும்பி வந்து மண்டப வாசலில் இறங்கும்போது குடும்பத் தலைவர் என் பக்கம் குனிந்தார்.

"ஒட்டகம் இல்லைங்கறத நீங்க இங்கயே சொல்லியிருக்கோணுமுங்க."

அட்டைப்பெட்டி

பெங்களூரில் வேலை பார்க்கும் ஒரு தம்பி சொந்தமாகப் பெரிய ஜீப் வைத்துக்கொண்டு வந்தான். வழி காட்டுவதற்கு மட்டும் நான். பாலைவனத்தில் வண்டி ஓட்டுவதைப் பற்றி எத்தனை வீடியோ உண்டோ அத்தனையும் பார்த்திருந்தான். டயரில் காற்றைக் குறைக்க வேண்டும் என்றான். அது சரிதான், மணலுக்குக் காற்றைக் குறைத்தால் நல்லது. ஆனால் இவன் குறைத்த குறைப்பில் டயர் தோசை மாதிரி பரப்பிக்கொண்டு கிடந்தது. போதும் தம்பி என்றேன். துபாயில் இப்படித்தான் என்றான். முதல் மேட்டில் ஏறி வேகமாக ஒரு வெட்டு வெட்டினான். முன்சக்கர டயர் வளையத்தை விட்டுக் கழன்று வெளியே வந்தது, வண்டி வயிற்றால் மணலில் உட்கார்ந்தது.

மணலில் சிக்கினால் சக்கரத்துக்கு அடியில் பனை மட்டையைப் போட்டு ஏற்றுவதுதான் எங்கள் வழக்கம். மட்டை பொறுக்கப் போனேன். அப்போதுதான் பின்பக்கத்தில் ஒரு நீளமான அட்டைப்பெட்டி இருப்பதைப் பார்த்தேன். மணலில் சக்கரத்துக்கு அடியில் போடுகிற பலகையாம், ஆன்லைனில் வரவழைத்திருக்கிறான். டேப் கூடப் பிரிக்கவில்லை. எடுத்துப் போடுவோம் என்றால் கையைக் குறுக்கே நீட்டித் தடுக்கிறான். கடைசியில் முந்திரித் தோட்டக் காவல்காரர் பொன்னுத்துரை அண்ணாச்சி டிராக்டரோடு வந்து, வாய்க்குள் ஏதோ முனகிக்கொண்டே இழுத்துவிட்டார். பெட்டியை ஏன் தொட விடவில்லை என்று கேட்டேன்.

"அன்பாக்ஸிங் வீடியோ எடுக்கணும் அண்ணா, இந்த வெயில்ல லைட்டிங் சரியா வராது."

சிவப்பு

கல்லூரிப் பெண் ஒருத்தி, தோழிகளோடு வந்தாள். மண் போதுமான அளவு சிவப்பாக இல்லை என்று என்னிடம் குறைபட்டுக்கொண்டாள். இதைவிடச் சிவப்பான இடம் உண்டா, எவ்வளவு தூரமானாலும் பரவாயில்லை என்றாள். சாயங்காலம் வெயில் சாய்ந்தால் இன்னும் சிவந்து தெரியும், ஓரமாகவே நின்று எடுத்துக்கொள்ளலாம் என்று நயமாகச் சொன்னேன். அவளுக்கு அந்த லொகேஷன்தான் வேண்டும். உள்ளே விட மாட்டேன் என்று சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அரைமணி நேரம் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தவள், பிறகு ரோட்டோரமாகவே எடுத்து முடித்துவிட்டு என்னிடம் வந்து காட்டினாள். படத்தில் மண் மிளகாய்ப்பொடி மாதிரி இருந்தது.

"எங்க எடுத்தாலும் எடிட்ல மாத்திக்கலாம்ணா, சும்மாதான் கேட்டேன்."

சாஸ்தா

பங்குனி உத்திரத்துக்கு எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு குடும்பமும் தன் தன் குலதெய்வமான சாஸ்தாவைப் பார்க்கப் போகும். நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன். ஆனாலும் வருஷா வருஷம் சவாரி போய்ப் போய், எந்த சாஸ்தா எந்தப் பனங்காட்டில் இருக்கிறார் என்பது எனக்கு அத்துப்படி. சென்னையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. இரண்டு தலைமுறையாக இந்தப் பக்கம் வராதவர்கள். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் சாஸ்தா கோயில் லொகேஷன் வந்திருக்கிறது என்று காட்டினார்கள். பார்த்தால், பிரவின் போட்ட அதே சகாரா. அங்கே கோயில் இல்லை என்று தலையில் அடித்துக்கொண்டேன். அவர்கள் கேட்கவில்லை. தேரி வந்ததும் தார் ரோட்டிலேயே வண்டியை நிறுத்தச் சொல்லி, பக்தியோடு செருப்பைக் காருக்குள் கழற்றிப் போட்டுவிட்டு, பொங்கல் பானையோடு வரிசையாக மணலில் இறங்கினார்கள்.

உச்சி வெயில். கொஞ்ச தூரத்திலேயே வரிசை துள்ள ஆரம்பித்தது. ஒரு பெண் தன் புடவைத் தலைப்பை மணலில் போட்டு அதன் மேல் நின்றுகொண்டார். அந்த வீட்டு மாப்பிள்ளை பானையைக் கவிழ்த்து அதன் மேல் ஏறப் பார்த்தார். நான் செருப்புகளை ஒரு கோணிப்பையில் அள்ளிக்கொண்டு பின்னாலேயே ஓடி, ஆளுக்கு ஒரு ஜோடி மாட்டிவிட்டுத் திரும்பக் கூட்டி வந்தேன். எல்லார் உள்ளங்காலிலும் கொப்புளம். அவர்களுடைய பூர்வீக ஊர் பெயரைக் கேட்டு, சரியான சாஸ்தாவிடம் கொண்டுபோய் விட்டேன். கோயில் திருச்செந்தூர் ரோட்டை ஒட்டி, கார் நிறுத்த இடத்தோடு இருந்தது. பொங்கல் வைத்து முடித்த பிறகும் குடும்பத் தலைவருக்கு மனம் ஆறவில்லை.

"அந்த லொகேஷன் அமெரிக்காவுல இருக்கிற பெரியப்பா சாட்டிலைட்ல தேடி அனுப்பினது, தப்பா இருக்க வாய்ப்பே இல்லையே."

முத்தையாபுரத்தில்

கொப்புளம் பார்த்த அன்றே, அந்த லொகேஷனை எடுக்க வைப்பது என்று முடிவு செய்தேன். மேப்பில் தப்பு என்று எழுதிப் போட்டேன். உங்கள் திருத்தம் ஏற்கப்படவில்லை என்று பதில் வந்தது. ரீலுக்குக் கீழே, இது ஆபத்தான இடம், போகாதீர்கள் என்று என் மகளைவிட்டு எழுதச் சொன்னேன். அதற்குக் கீழே நாலு பேர் சிரித்திருந்தார்கள், ஒருவன் என்னை அங்கிள் என்று எழுதியிருந்தான், பிரவின் ஒரு இதயம் போட்டிருந்தான். ஆபத்தான இடம் என்றதும் கூட்டம் இன்னும் கூடியதுதான் மிச்சம்.

நேரிலேயே போய்ப் பார்ப்போம் என்று முத்தையாபுரத்துக்குப் போனேன். துறைமுகத்துக்கு வரும் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டும் பட்டறையில் பிரவினுக்கு வேலை. ஒல்லியான பையன், மரியாதையாகத்தான் பேசினான், டீ வாங்கிக் கொடுத்தான். லொகேஷனை எடுத்துவிடு தம்பி, ஒரு உயிர் போனால் யார் பதில் சொல்வது என்றேன். பழைய ரீலில் கை வைத்தால் பார்க்கிறவர்கள் குறைந்துபோவார்கள் என்று பயப்பட்டான். சரி, அந்த இடத்தில் அப்படி என்னதான் இருக்கிறது, நீ எந்த வழியாக உள்ளே போனாய், அதையாவது சொல் என்றேன். அவன் டீ கிளாஸை ஸ்டூலில் வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"நான் அங்கன போனதே இல்லியே அண்ணாச்சி. ரோட்டோரத்துல நின்னு எடுத்தேன், லொகேஷன மட்டும் ஒரு கெத்துக்கு நடுவுல தூக்கி வச்சேன்."

மதுரைக்காரர்

ஆனி மாதம், காற்று நன்றாகக் கிளம்பியிருந்த நேரம். மதுரையிலிருந்து சுந்தரம் சார் என்று பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவி மீனா அம்மாவோடு வந்தார். திருச்செந்தூரில் சாமி கும்பிட்டு, உடன்குடியில் கருப்பட்டி வாங்கிக்கொண்டார்கள். கருப்பட்டி சொந்தக்காரர்களுக்குத்தான், சாருக்குச் சர்க்கரை வியாதி, வீட்டில் இனிப்பு என்ற பேச்சே கிடையாதாம். பிறகு சார் போனை நீட்டினார். எனக்கு அந்தக் கோடு தெரிந்ததுமே கசந்தது. ஓரத்தோடு நின்று பார்க்கலாம், உள்ளே கிடையாது என்று கண்டிப்பாகச் சொல்லித்தான் கூட்டிப் போனேன்.

வண்டியைத் திருப்பி நிறுத்தினேன். மீனா அம்மா தலை சுற்றுகிறது என்றார், கதவைத் திறந்து வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். நிமிர்ந்து பார்த்தால் சாரைக் காணோம். மேட்டின் மேல் ஏறிப் பார்த்தேன், கூப்பிட்டேன், ஆள் இல்லை, காலடியும் இல்லை. சிறுநீர் கழிக்கப் போயிருப்பார் என்று கொஞ்ச நேரம் நின்றோம். வரவில்லை. போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. அப்போதுதான் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, அவர் காலையில மாத்திரை போட்டுட்டாரு, கோயில் கூட்டத்துல இன்னும் சாப்பிடல." சர்க்கரை மாத்திரையும் வெறும் வயிறும் அந்த வெயிலும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், என் அப்பாவுக்கும் அதே வியாதிதான்.

பொன்னுத்துரை அண்ணாச்சியைக் கூப்பிட்டேன், டிராக்டரோடு வந்தார். மீனா அம்மாவைக் காரில் உட்காரவைத்து, நிறுத்தி நிறுத்தி ஹாரன் அடிக்கச் சொன்னோம். லொகேஷன் கிழக்கே காட்டியது. நான் அந்தப் பக்கம்தான் ஓடப் பார்த்தேன். அண்ணாச்சி என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். "ஏலே, காத்து மேக்க இருந்துலா அடிக்கி. ஓலைச் சத்தமும் அங்கன இருந்துதான் வருது. கடல்னு நெனச்சி அந்தப் பக்கமாத்தான் போயிருப்பாரு" என்றார். அவர் சொல்வது சரியாகவே பட்டது. கடல் இருப்பதோ கிழக்கே, மனுஷன் அதற்கு நேர் எதிரே நடந்திருக்கிறார். ஹாரன் சத்தத்தையும் காற்று கிழக்கேதான் அடித்துக்கொண்டு போயிருக்கும், அவர் காதில் விழுந்திருக்காது.

இரண்டு மேடு தாண்டி மேற்கே ஒரு பனங்கூட்டம். அதற்கு முன்னால் ஒரு உடைமரத்தின் அரைகுறை நிழலில் உட்கார்ந்திருந்தார். ஒரு செருப்பைக் காணோம். சட்டை நனைந்து, உடம்பு சில்லிட்டு, கண் செருகிக்கொண்டிருந்தது. சார் என்று தோளைப் பிடித்து உலுக்கினேன். பீச் வந்துவிட்டதா என்று கேட்டார். உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்த அந்த நொடியில் எனக்கு அழுகையும் வந்தது, அறைந்துவிடலாமா என்று கோபமும் வந்தது. டிராக்டரில் தூக்கிப் போட்டுக்கொண்டு காருக்கு வந்தோம்.

மீனா அம்மா பையைக் கிழித்து ஒரு கருப்பட்டியை எடுத்து, கார் கதவில் அடித்து உடைத்து, தண்ணீர் பாட்டில் மூடியில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக அவர் வாயில் விட்டார். விழுங்கினார். மறுபடியும் கரைத்து விட்டார். கண் மெதுவாகத் திறந்தது, முகத்தில் ரத்தம் ஏறியது. பிறகு ஒரு சின்னத் துண்டை மீனா அம்மாவே உடைத்து ஊட்டினார். இத்தனை வருஷம் இனிப்பைக் கண்ணில் காட்டாத அந்தக் கையை சார் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இன்னும் பெரிய துண்டா குடு மீனா."

ஸ்டார்

உடன்குடியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், டிரிப் ஏற்றினார்கள், சாயங்காலமே தெளிந்துவிட்டார். மீனா அம்மா என் போனை வாங்கி பிரவினிடம் பேசினார். ஒரு வார்த்தை திட்டவில்லை. கணவரை எப்படிக் கண்டெடுத்தோம் என்று நிதானமாகச் சொல்லிவிட்டு, உங்க அப்பாவுக்கு என்ன வயசு தம்பி என்று கேட்டார். ராத்திரிக்குள் அவன் லொகேஷனை எடுத்துவிட்டான், ரீலையும் சேர்த்தே எடுத்துவிட்டான். எனக்கு அழுது தீர்த்தது மாதிரி இருந்தது. வீட்டில் போய் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

அந்த நிம்மதி ஒரு வாரம்கூட நிற்கவில்லை. அதற்குள் அந்த ரீலை எத்தனையோ பேர் இறக்கி, தங்கள் பெயரில், அதே லொகேஷனோடு மறுபடி போட்டிருந்தார்கள். சுந்தரம் சார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த கையோடு, மேப்பில் அந்த இடத்துக்கு நல்ல வார்த்தை எழுதி அஞ்சு ஸ்டாரும் கொடுத்திருக்கிறார். 'அமைதியான இடம், கூட்டமே இல்லை, கடல் சத்தம் கேட்கிறது, உள்ளூர் மக்கள் உதவும் குணம் உள்ளவர்கள், மயங்கி விழுந்தும் பத்திரமாகத் திரும்பினேன்' என்று எழுதியிருந்தார். என்மேல் உள்ள அன்பில்தான் எழுதியிருப்பார், அதை நினைத்தால் திட்டவும் வாய் வரவில்லை. மறுநாள் ஸ்டாண்டில் ஒரு திருச்சிக் குடும்பம் என் வண்டிக் கதவைத் திறந்து ஏறி, அதையே என் முகத்துக்கு நேரே நீட்டியது. அங்கே போக வேண்டாம், மனுஷன் செத்துப் பிழைத்த இடம் அது என்று கும்பிட்டுச் சொன்னேன். குடும்பத் தலைவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இன்னொரு தடவை படித்துப் பார்த்தார்.

"செத்துப் பொழைச்சவரே அஞ்சு ஸ்டார் குடுத்திருக்காருன்னா, இடம் நல்லாத்தான் இருக்கும், எடுங்க வண்டிய."

தேரியில் தொலைந்த மனுஷனைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்துவிட்டேன், அவர் கொடுத்த அஞ்சு ஸ்டாரை எப்படித் தொலைப்பது என்றுதான் இன்னும் தெரியவில்லை.